எத்தனை பேரில் எத்தனை பேர்? நீதிமன்றத்தில் நம்மவர் கணக்கு

(கொழும்பில் வேலை செய்யும் தோட்டப் பிள்ளைகளுக்காகவும் அவர்களுடைய பெற்றோருக்காகவும் கொட்டாஞ்சேனையில் ஒரு ஞாயிறு பிற்பகல் கூட்டம் நடந்தது. அதில் தோட்டப் பாடசாலை ஆசிரியரும் நமது சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை.)



இன்றைக்கு நான் சம்பளம் பற்றிப் பேசப்போவதில்லை. பொலிஸ், நீதிமன்றம், விளக்கமறியல், இதைப்பற்றித்தான் பேச்சு. இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் கொஞ்சப் பேருக்காவது இது சொந்த விசயம் என்று எனக்குத் தெரியும். யாரையும் கை தூக்கச் சொல்லமாட்டேன்.

என்னிடம் படித்த ஒரு பையன். பெயர் சொல்லமாட்டேன், தோட்டமும் சொல்லமாட்டேன். சாதாரண தரம் எழுதிவிட்டு கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு வந்தான். மேசையில் இருந்த காசு காணாமல் போய்விட்டது. முதலாளி முறைப்பாடு கொடுக்க, பொலிஸ் அவனைக் கொண்டுபோனது. வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினார்கள். அவன் சிங்களம் பேசுவான், வாசிக்கத் தெரியாது. கையெழுத்துப் போட்டுவிட்டான். நீதவான் பிணை கொடுத்தார். கொழும்பில் நிரந்தர விலாசம் உள்ள இரண்டு பேர், கிராம சேவகர் சான்றிதழோடு வந்து கையெழுத்துப் போடவேண்டும் என்பது நிபந்தனை. அவனுடைய அப்பா லயத்து விலாசத்தில் சான்றிதழ் எடுத்துக்கொண்டு வந்தார். அது சரிவரவில்லை. 14 நாள் உள்ளே இருந்தான். அடுத்த தவணையிலும் ஆள் கிடைக்கவில்லை, இன்னுமொரு 14 நாள். கடைசியில் வழக்கு என்ன ஆனது தெரியுமா? காசை எடுத்தது வேறு ஆள் என்று முதலாளியே வந்து சொன்னார். 28 நாளை யாரும் திருப்பித் தரவில்லை.

அப்பா என்னிடம் கேட்டார்: "மாஸ்டர், நாங்க தோட்டத்து ஆளுங்கன்னுதானே இப்புடி?"

நான் உடனே ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பிறகு வீட்டுக்குப் போய் யோசித்தேன். அதே நாளில் அதே நீதிமன்றத்தில் கிட்டத்தட்ட அதே மாதிரிக் களவுச் சந்தேகத்தில் இன்னும் இரண்டு பையன்கள் நின்றார்கள். ஒருவன் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். மாமா வந்து கையெழுத்துப் போட, மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டான். மற்றவன் மொனராகலைப் பக்கத்துச் சிங்களப் பையன், மேசன் வேலைக்கு வந்தவன். அவனுக்கும் ஆள் இல்லை, அவனும் எங்கள் பையனோடு அதே சிறைச்சாலை பஸ்ஸில் ஏறினான்.

அப்படியானால் நான் அந்த அப்பாவுக்குச் சொன்ன பதில் சரியா? எங்கள் பையனை உள்ளே வைத்தது இனமா, மொழியா, விலாசமா, காசா? மூன்று பையன்களை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. முன்னூறு பேரை வைத்துச் சொல்லலாம், ஆனால் ஒழுங்காக எண்ணவேண்டும். எப்படி எண்ணுவது என்பதுதான் இன்றைய பேச்சு.

உங்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன். கொழுந்து மடுவத்தில் ஒரு அக்கா சொல்கிறார், "என் கொழுந்தில ரெண்டு கிலோ குறைச்சிட்டாங்க." கணக்கப்பிள்ளை சொல்கிறார், "மழைக் கொழுந்து, தண்ணிக்குக் கழிச்சேன்." யார் சொல்வது சரி? ஒரு நாளில் ஒருவரின் நிறையை வைத்து யாரும் தீர்க்க முடியாது. ஒரு மாதம், அந்த மலையில் கொழுந்து எடுக்கிற எல்லாருடைய நிறையையும் எழுதவேண்டும். சண்டை பிடித்தவர்களுடைய நிறையை மட்டும் எழுதினால் கணக்கு கோணலாகிவிடும். மழை நாளையும் வெயில் நாளையும் பிரித்து எழுதவேண்டும். வெயில் நாளிலும் தண்ணிக்குக் கழித்திருந்தால், அப்போது கணக்கப்பிள்ளை பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நீதிமன்றத்திலும் இதே வேலைதான். ஆனால் மடுவத்தில் தராசு ஒன்று. நீதிமன்றப் பாதையில் தராசுகள் பல. வீதியில் நிறுத்துவது, கைது செய்வது, எந்தப் பிரிவில் குற்றம் சாட்டுவது, பிணை, சட்டத்தரணி, குற்றத்தை ஒப்புக்கொள்வதா மறுப்பதா, கடைசியில் தண்டனை என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு மனிதர் முடிவு எடுக்கிறார். ஒவ்வொரு தராசிலும் தனித்தனியாக எண்ணவேண்டும். "சிறையில் நம்மவர் எத்தனை பேர்" என்று கடைசியில் மட்டும் எண்ணினால், எந்தத் தராசு கோணல் என்று தெரியாது. சிறைச்சாலைத் திணைக்களம் வருடா வருடம் வெளியிடும் புள்ளிவிபரத்தில் தண்டனை பெற்றவர்களை இனம், மதம் என்று பிரித்துப் போடுகிறார்கள். அது நல்ல காரியம். ஆனால் உள்ளே வந்தவர்களைத்தான் அது சொல்லும், வாசலிலேயே திரும்பிப் போனவர்களைச் சொல்லாது.

அடுத்தது, எத்தனை பேரில் எத்தனை பேர் என்ற கேள்வி. நம் ஆட்கள் இதில்தான் வழுக்கி விழுவோம். நம்மவர் மொத்தம் எத்தனை பேர்? 1981 குடிசன மதிப்பீட்டில் "இந்தியத் தமிழர்" நாட்டில் 5.5 சதவீதம். 2012இல் 4 சதவீதத்தைச் சற்றுத் தாண்டியது. 2024இல் 2.8 என்று வருகிறது. நாம் அவ்வளவு வேகமாகக் குறைந்துவிட்டோமா? போனவர்கள் இருக்கிறார்கள்தான், ஆனால் படிவத்தில் "இலங்கைத் தமிழர்" என்று பதிந்துகொண்ட நம் ஆட்களும் ஏராளம். இந்த மண்டபத்திலேயே அண்ணன் ஒரு மாதிரியும் தம்பி வேறு மாதிரியும் பதிந்த குடும்பம் இருக்கும். அது அவரவர் உரிமை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் சிறைக் கணக்கில் ஒரு பெயரிலும் குடிசனக் கணக்கில் வேறு பெயரிலும் இருந்தால், ஒன்றை மற்றதால் வகுத்து வருகிற எண்ணுக்கு அர்த்தமே இருக்காது.

பெயரைப் பார்த்து இனம் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். கொட்டாஞ்சேனையில் வந்து நின்றுகொண்டு அப்படிச் சொல்லலாமா? இங்கே பெர்னாண்டோ என்ற பெயரில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் எத்தனை பேர்! கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் செவ்வாய்க்கிழமை பூசைக்கு நிற்கிற கூட்டத்தைப் பெயரை வைத்துப் பிரிக்க எவராலும் முடியாது. யோகேஸ்வரன் என்ற பெயர் யாழ்ப்பாணமா, பொகவந்தலாவையா? தெரியாது. அதனால் முதல் வழி, ஆளையே கேட்பது. இரண்டாவது வழி, சொந்த விலாசம். தோட்டம், டிவிசன் என்று வந்தால் நமக்குத் தெரிந்துவிடும். இரண்டும் கிடைக்காவிட்டால் "தெரியவில்லை" என்று எழுதவேண்டும். ஊகித்து நிரப்பக்கூடாது.

அதற்குப் பிறகு, ஒத்ததை ஒத்ததோடு வைத்துப் பார்ப்பது. இதைப் பெரிய அளவில் செய்தவர் ஒருவரைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் ரோஜர் ஹூட் என்ற ஒக்ஸ்போர்ட் பேராசிரியர், மேற்கு மிட்லண்ட்ஸ் பகுதியில் 1989இல் ஐந்து நீதிமன்றங்களில் தண்டனை விதிக்கப்பட்ட மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் கோப்புகளை எடுத்துப் படித்து, 1992இல் புத்தகமாகப் போட்டார்.

சும்மா எண்ணிப் பார்த்தபோது, வெள்ளையரில் நூறு பேருக்கு 48 பேர் சிறைக்குப் போயிருந்தார்கள், கறுப்பினத்தவரில் 56க்கு மேல். எட்டுப் பேர் வித்தியாசம். நாமாக இருந்தால் அந்த இடத்திலேயே கொடி பிடித்திருப்போம். அவர் பொறுத்தார். குற்றம் எவ்வளவு பாரதூரமானது, முன்பு தண்டனை உண்டா என்றெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தார். எட்டு, ஐந்தாகக் குறைந்தது. ஆனால் அந்த ஐந்து போகவில்லை. அதற்கு நீதிமன்றத்தால் பதில் சொல்ல முடியவில்லை. இன்னொன்றும் தெரியவந்தது. பர்மிங்ஹாம் நீதிமன்றத்தில் வித்தியாசமே இல்லாத மாதிரி இருந்தது, பக்கத்தில் டட்லியில் பெரிதாக இருந்தது. மொத்தமாகச் சேர்த்துச் சராசரி போட்டிருந்தால் டட்லி ஒளிந்துகொண்டிருக்கும். நம் நாட்டுக்கும் இதை எடுத்துக்கொள்ளுங்கள். "இலங்கை நீதிமன்றங்கள்" என்று ஒரே சாக்கில் போட்டுப் பேசக்கூடாது.

கழிக்கும்போதும் கவனம் வேண்டும், தோழர்களே. ஒரே குற்றச்சாட்டு உள்ளவர்களை மட்டும் ஒப்பிட்டால் சரி என்று தோன்றும். ஆனால் ஒரே செயலுக்கு ஒருவனைச் சின்னப் பிரிவிலும் நம் பையனைப் பெரிய பிரிவிலும் பொலிஸ் போட்டிருந்தால்? "பெரிய பிரிவில் எல்லாருக்கும் ஒரே தண்டனைதான்" என்று கணக்கு வரும், கோணல் மறைந்துபோகும். முன் தண்டனையும் அப்படித்தான். ஒரு பையனை அடிக்கடி வீதியில் நிறுத்தினால், அவன் பெயரில் பதிவுகள் சேரும். பிறகு "இவன் பழைய ஆள்" என்று அதைக் கழிப்பது, தண்ணிக்குக் கழித்த கொழுந்தில் திரும்பவும் தண்ணிக்குக் கழிக்கிற மாதிரி. அதனால் குற்றச்சாட்டை எழுதும்போது பக்கத்திலேயே நடந்தது என்ன என்பதையும் எழுதவேண்டும். எவ்வளவு காசு, என்ன பொருள், யாருக்குக் காயம், அது.

பாதிக்கப்பட்டவர் யார் என்பதையும் பார்க்கவேண்டும். அமெரிக்காவில் ஜோர்ஜியா மாநிலத்தில் டேவிட் பால்டஸ் என்பவரும் அவரது கூட்டாளிகளும் 1970களின் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கொலை வழக்குகளை ஆராய்ந்தார்கள். வெள்ளையரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு மரண தண்டனை கிடைக்கும் வாய்ப்பு, கறுப்பினத்தவரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவரை விட 4.3 மடங்கு என்று வந்தது. 1987இல் மெக்கிளெஸ்கி வழக்கில் இது அமெரிக்க உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஐந்துக்கு நான்கு என்று தோற்றது. பொதுவான எண் போதாது, இந்த ஆளுக்கு வேண்டுமென்றே பாகுபாடு காட்டினார்கள் என்று நிரூபிக்கவேண்டும் என்றார்கள். அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதியரசர் பவல், ஓய்வு பெற்ற பிறகு, அந்த வழக்கில் என் வாக்கை மாற்றியிருப்பேன் என்றார். மெக்கிளெஸ்கியை 1991இல் மின்சார நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள்.

இங்கேயும் பாதிக்கப்பட்டவர் பக்கம் ஒரு கணக்கு இருக்கிறது. பாராளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் 2006 நவம்பர் 10ஆம் திகதி நாரஹேன்பிட்டியில் சுடப்பட்டார். பத்து வருடம் கழித்து, 2016 டிசம்பரில், சிங்களம் பேசும் ஜூரிகள் முன் நடந்த விசாரணையில் எதிரிகள் விடுதலையானார்கள். எந்த மொழி ஜூரி வேண்டும் என்று கேட்கும் உரிமை எதிரிக்கு உண்டு, செத்தவர் பக்கத்துக்கு அப்படி இல்லை. ஒரு வழக்கை வைத்து ஜூரி முறை முழுவதையும் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று நானே இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் எந்தக் கேள்வியை எண்ணிப் பார்க்கவேண்டும் என்பதை ஒரு வழக்கு காட்டித்தரும். வீட்டு வேலைக்கு வந்த பதுளைத் தாய் ஒருவர் 2023இல் கொழும்பில் பொலிஸ் காவலில் இறந்த செய்தி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்படிப்பட்ட முறைப்பாடுகள் எத்தனை, அதில் வழக்கானது எத்தனை, தீர்ப்பு வந்தது எத்தனை? கேட்கவேண்டிய வரிசை அதுதான்.

மொழிக்கு வருகிறேன். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையைக் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்றத்தில் நடப்பது நமக்குத் தெரியாத மொழியில் என்றால், அரசு செலவில் உரைபெயர்ப்பு கிடைக்கவேண்டும். அது யாரும் இரக்கப்பட்டுத் தருகிற சலுகை இல்லை. ஆனால் வாக்குமூலம் எழுதப்படுவது நீதிமன்றத்துக்கு முன்னால், பொலிசில். சிங்கராசா வழக்கை எடுங்கள். 1993இல் கைதான ஒரு தமிழ்க் கூலித்தொழிலாளி. சிங்களத்தில் எழுதப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தில் கைநாட்டு. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியாகச் செல்லும். அது சுயமாகச் சொன்னதல்ல என்று காட்டவேண்டிய பாரம் எதிரியின் தலையில். 1995இல் 50 வருடத் தண்டனை, மேன்முறையீட்டில் 35 ஆனது. 2004இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று சொன்னது. 2006இல் நம் உயர் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்துவிட்டது. இந்த வழக்கை நீதிமன்றத்துக்குள் மட்டும் உட்கார்ந்து கவனித்தவருக்கு, "எதிரி ஒப்புக்கொண்டிருக்கிறார்" என்றுதான் தெரிந்திருக்கும். கோணல் நடந்த இடம் வேறு. அதனால்தான் நம் படிவத்தில் "வாக்குமூலம் எந்த மொழியில்? வாசித்துக் காட்டினார்களா?" என்ற கேள்வி முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

எண்ணுவதால் என்ன பிரயோசனம் என்று ஒரு மூத்த தோழர் என்னிடம் கேட்டார். "நீ எண்ணிக்கிட்டிருந்தா, போராட்டம் எப்போ?" அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. அவருக்கு நான் இந்த ஊரையே காட்டினேன். 2007 ஜூன் 7 விடியற்காலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் பொலிஸ் கதவைத் தட்டியது. கொழும்பில் இருக்கத் தகுந்த காரணம் இல்லை என்று சொல்லி தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். 376 பேர் என்று செய்தி வந்தது. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அடுத்த நாளே, ஜூன் 8, வெளியேற்றுவதை நிறுத்தும்படி இடைக்கால உத்தரவு வந்தது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். எத்தனை பேர், எந்த இடம், எந்த நேரம் என்று சொல்ல முடிந்தது. எல்லாம் ஒரே இரவில், எல்லார் கண் முன்னாலும் நடந்தது.

ஆனால் ஒரு நாளைக்கு ஒருவராக, ஒவ்வொரு சந்தியில், ஒவ்வொரு கூண்டில் நடப்பதற்கு பஸ்ஸும் இல்லை, 376 என்ற எண்ணும் இல்லை. அதை நாம்தான் சேர்க்கவேண்டும். இந்தியாவில் டில்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்து ஆட்கள் மரண தண்டனைக் கைதிகள் 373 பேரைப் பற்றி 2016இல் அறிக்கை வெளியிட்டார்கள். கோப்புகளை மட்டும் நம்பாமல், கைதிகளையும் அவர்களுடைய குடும்பங்களையும் தேடிப்போய்க் கேட்டார்கள். குடும்பங்களைத் தேடிப்போவதில் நம் சங்கத்தை விடக் கெட்டிக்காரர் யார்?

சரி, வேலை. மேசையில் ஒரு படிவம் இருக்கிறது, இரண்டு பக்கம். நம் குடும்பங்களில் கைதான யாராக இருந்தாலும் நிரப்பலாம். பெயர் வேண்டாம், இலக்கம் போதும். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: நல்லபடி முடிந்த வழக்கையும் கொண்டுவாருங்கள். பொலிஸ் மரியாதையாக நடத்தி, தமிழில் வாக்குமூலம் எழுதி, அன்றைக்கே பிணை கிடைத்திருந்தால் அதுவும் வேண்டும். கஷ்டப்பட்டவர்கள் மட்டும் வந்தால், நூற்றுக்கு நூறு கஷ்டம் என்று கணக்கு வரும், யாரும் நம்பமாட்டார்கள், நம்பவும் கூடாது.

இரண்டாவது, நீதிமன்றத்தில் போய் உட்காருவது. நீதிமன்றம் பொதுவில் நடப்பது, யாரும் உட்காரலாம். புதுக்கடையில் தொடங்குவோம். அன்றைக்கு வருகிற எல்லா வழக்கையும் எழுதவேண்டும். சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் எல்லாரும். நம்மவரை மட்டும் எழுதினால் எதோடு ஒப்பிடுவது? என்ன குற்றச்சாட்டு, சட்டத்தரணி உண்டா, உரைபெயர்ப்பாளர் வாய் திறந்தாரா, பிணைத் தொகை எவ்வளவு, கையெழுத்துப் போட ஆள் வந்ததா, எந்த ஊர் விலாசம் கேட்டார்கள், எத்தனை நிமிடம். 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம் பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்கிறது. பிணை கிடைத்தும் வெளியே போக முடியாதவன் எந்தக் கணக்கில் சேருவான்? அவனுக்கு நம் படிவத்தில் தனிக் கட்டம் போட்டிருக்கிறோம். என் பழைய மாணவன் அந்தக் கட்டத்து ஆள்.

ஒவ்வொரு வழக்கையும் இரண்டு பேர் தனித்தனியாக எழுதவேண்டும். பக்கத்தில் எட்டிப் பார்க்கக்கூடாது, பரீட்சை மாதிரி. மாலையில் ஒப்பிடுவோம். இருவரும் வேறு வேறாக எழுதியிருந்தால், நம் தராசில் பிழை. எந்த நாள் போவது என்பதைக் குலுக்கல் போட்டு எடுப்போம். நமக்கு லீவு கிடைக்கிற நாளில் மட்டும் போனால், அந்த நாளுக்கென்று ஒதுக்கிய வழக்குகளைத்தான் பார்ப்போம். போனை எடுக்கவேண்டாம், காகிதமும் பேனாவும் போதும். நடந்துகொண்டிருக்கிற வழக்கைப் பற்றி வெளியே எழுதவோ பேஸ்புக்கில் போடவோ வேண்டாம். நீதிமன்ற அவமதிப்புக்கு 2024இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது.

மூன்றாவது வேலை என்னுடையது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், கைதுகளின் எண்ணிக்கையையும் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர்களின் எண்ணிக்கையையும் கேட்டு விண்ணப்பம் எழுதுகிறேன், தமிழில்.

எண்ணி முடித்தபிறகு வித்தியாசம் இல்லை என்று வந்தால்? ஒரு தங்கை முன்வரிசையில் இருந்து கேட்டார். வந்தால் அதையும் இதே பத்திரிகையில் போடுவோம். என் ஊகம், இனத்தை விட விலாசம்தான் பெரிதாக வரும், லயத்து விலாசமும் மொனராகலை விலாசமும் ஒரே பக்கத்தில் நிற்கும் என்பது. அப்படி வந்தால் கேட்கவேண்டிய கோரிக்கையே வேறு. சொந்த ஊர்க் கிராம சேவகர் சான்றிதழை எந்த நீதிமன்றமும் ஏற்கவேண்டும் என்று, அந்த மொனராகலைப் பையனின் வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு கேட்கலாம். மொழிதான் பெரிதாக வந்தால், பொலிஸ் நிலையத்துக்கு உரைபெயர்ப்பாளர் கேட்கவேண்டும். எது என்று தெரியாமல் இரண்டையும் கத்தினால், இரண்டுமே கிடைக்காது.

நேற்று ராத்திரி குலுக்கல் போட்டோம். முதலில் வந்தது புதன்கிழமை. காலை எட்டரைக்குப் புதுக்கடையில் இருக்கவேண்டும். எனக்கு எட்டுப் பேர் வேண்டும், அதில் நாலு பேருக்காவது சிங்களம் நன்றாகத் தெரிந்திருக்கவேண்டும். லீவு எடுத்தால் நாள் சம்பளம் போகும் என்பவர்கள் செயலாளர் அக்காவிடம் சொல்லுங்கள், சங்கம் பாதி தரும். படிவம் தீர்ந்துவிட்டால் அந்தப் பக்கத்துக் கடையில் போட்டோக்கொப்பி அடிக்கலாம், பக்கங்களை மாற்றிப் பின் அடித்துவிடாதீர்கள்.